மீட்டவரின் துக்கத்தை விசாரிப்பது யார்?



"சார், நீங்க வரலாறு படிச்சவர். நம்ம பக்கத்து வரலாறு ஏதாவது ஒண்ணு எழுதிக் குடுங்க" என்று மலர்க் குழுவினர் அன்போடு கேட்டுக்கொண்டார்கள். நான் வரதராஜன்பேட்டைக்காரன். எங்கள் பக்கத்து வரலாறு என்றதும் எல்லோருக்கும் கங்கைகொண்ட சோழபுரம்தான் நினைவுக்கு வரும். கங்கை வரை வென்ற ராஜேந்திர சோழன் அந்த வெற்றியின் நினைவாக வெட்டிய சோழகங்கம் என்ற பேரேரி, இன்றைய பொன்னேரி, நினைவுக்கு வரும். ஆனால் அதைப் பற்றி எழுத என்னைவிடத் தகுதியானவர்கள் பலர் இருக்கிறார்கள். நான் வேறொன்றை எடுத்துக்கொள்கிறேன்.

நீரைத் தேக்கிய வரலாறு நமக்கு உண்டு. ஆயிரம் ஆண்டுப் பெருமை அது. நீரில் விழுந்தவனைத் தூக்கிய வரலாறு நமக்கு உண்டா? தூக்கியவன் அதன் பிறகு எப்படித் தூங்கினான் என்று யாராவது எழுதி வைத்தார்களா? இந்த இரண்டு கேள்விகள்தான் என் கட்டுரை. படிக்கும் மாணவர்கள் "இது நமக்கு எதுக்கு?" என்று பக்கத்தைப் புரட்டிவிட வேண்டாம். ஏரி, குளம், கிணறு, கொள்ளிடத்து மடு, சுண்ணாம்புக்கல் எடுத்த பள்ளங்களில் தேங்கும் ஆழமான நீர், இப்போது புதிதாக வந்திருக்கும் நீச்சல்குளங்கள் என்று நம் மாவட்டங்களில் நீர் இல்லாத இடமில்லை. விபத்து யாரையும் பெயர் கேட்டுக்கொண்டு வருவதில்லை.

மருதையாறு, 1956

பச்சைமலைப் பக்கம் தோன்றி, பெரம்பலூர், அரியலூர் சீமையைக் கடந்து கொள்ளிடத்தில் சேரும் சிற்றாறு மருதையாறு. ஆண்டில் பல மாதம் மணல்தான் தெரியும். அந்த ஆற்றின் பெயர் ஒரே இரவில் இந்தியா முழுவதும் தெரிந்துபோனது.

1956 நவம்பர் 23 விடியற்காலை. அடைமழை. சென்னையிலிருந்து தூத்துக்குடி நோக்கிச் சென்ற எக்ஸ்பிரஸ் ரயில் அரியலூரைத் தாண்டி கல்லகம் நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. வெள்ளத்தில் மருதையாற்றுப் பாலத்தை ஒட்டிய கரை அரித்துப் போயிருந்தது. எஞ்சினும் பல பெட்டிகளும் ஆற்றுக்குள் விழுந்தன. சுமார் 150 பேர் இறந்தார்கள். தூக்கத்தில் இருந்தவர்கள் தண்ணீருக்குள் கண் விழித்தார்கள்.

அப்போது ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி. அதே ஆண்டில் மகபூப்நகர் விபத்தின்போதே அவர் பதவி விலக முன்வந்தார், நேரு ஏற்கவில்லை. அரியலூருக்குப் பிறகு மீண்டும் விலகல் கடிதம் கொடுத்தார், இம்முறை ஏற்கப்பட்டது. தார்மீகப் பொறுப்பு என்றால் என்ன என்று அரசியல் பாடம் நடத்தும் ஆசிரியர்கள் இன்றும் சொல்லும் உதாரணம் இதுதான். அரியலூர் மாவட்டம் இரண்டாம் முறையாக உதயமான தேதியும் நவம்பர் 23தான், ஆண்டு 2007. அந்தத் தேதியை நம்மூர்க்காரர்கள் மறக்க முடியாதபடி காலமே முடிச்சுப் போட்டுவிட்டது.

இதில் நான் கவனித்த ஒன்று உண்டு. அமைச்சர் விலகியது வரலாற்றில் நிற்கிறது. பாலத்தின் பலம் பற்றிய விவாதம் நிற்கிறது. ஆனால் அந்த இருட்டில், அந்த வெள்ளத்தில், அடுத்தவனைக் கரைக்கு இழுத்துப் போட்ட கைகள் யாருடையவை? அந்தக் கைகளுக்குச் சொந்தக்காரர்கள் பிறகு என்ன ஆனார்கள்? நான் படித்தவரையில் எந்த வரலாற்று நூலும் அந்தப் பக்கத்தைத் திருப்பவில்லை.

உலகம் கற்றுக்கொண்ட விதம்

மூழ்கியவனைக் கரையில் போட்டதும் நம் கிராமத்தில் என்ன செய்வார்கள்? தோளில் கவிழ்த்துப் போட்டுக்கொண்டு ஓடுவார்கள். தலைகீழாகத் தூக்கிப் பிடிப்பார்கள். வயிற்றை அமுக்கித் தண்ணீர் எடுப்பார்கள். "பட்டிக்காட்டு வைத்தியம்" என்று சிரிக்க வேண்டாம். ஐரோப்பாவில் பீப்பாய் மேல் போட்டு உருட்டினார்கள். குதிரை முதுகில் குறுக்கே போட்டு ஓட்டினார்கள். 1767இல் ஆம்ஸ்டர்டாம் நகரில், மூழ்கியவர்களை மீட்பதற்கென்றே ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதைப் பார்த்து 1774இல் லண்டனில் வில்லியம் ஹாஸ், தாமஸ் கோகன் என்ற இரு மருத்துவர்கள் ஒரு சங்கம் தொடங்கினார்கள். அதுதான் பின்னாளில் ராயல் ஹியூமேன் சொசைட்டி ஆனது. அந்தக் காலத்தில் அவர்கள் நம்பிய ஒரு சிகிச்சையைக் கேட்டால் வியப்பீர்கள்: புகையிலைப் புகையை ஆசனவாய் வழியே செலுத்துவது! 1811இல் பெஞ்சமின் பிராடி என்ற மருத்துவர் புகையிலைச் சாறு இதயத்தைக் கொல்லும் நஞ்சு என்று காட்டிய பிறகுதான் அந்த வழக்கம் மெல்ல ஒழிந்தது.

பிறகு கையால் மூச்சு உண்டாக்கும் முறைகள் வரிசையாக வந்தன. 1856இல் மார்ஷல் ஹால், உடலைப் புரட்டிப் புரட்டி மூச்சு வரவழைக்கப் பார்த்தார். 1858இல் சில்வெஸ்டர், மல்லாக்கப் படுக்கவைத்துக் கைகளைத் தூக்கி இறக்கினார். 1903இல் ஷேபர், குப்புறப் படுக்கவைத்து முதுகின் கீழ்ப்புறம் அழுத்தினார். 1932இல் டென்மார்க் ராணுவ அதிகாரி ஹோல்கர் நீல்சன், குப்புறப் படுக்கவைத்து முதுகை அழுத்தி, முழங்கையைப் பிடித்துத் தூக்கும் முறையைக் கொண்டுவந்தார். உலகெங்கும் முதலுதவிப் புத்தகங்களில் இந்த முறைகளே படம் போட்டு விளக்கப்பட்டன.

1950களின் பிற்பகுதியில்தான் திருப்பம். ஜேம்ஸ் ஈலம், பீட்டர் சாஃபர் என்ற இரு மருத்துவர்கள், வாயோடு வாய் வைத்து ஊதினால் போதுமான காற்று போகிறது என்று காட்டினார்கள். மருந்து கொடுத்துச் செயலிழக்கச் செய்யப்பட்ட தன்னார்வலர்கள் மீது சாஃபர் பால்டிமோர் நகரில் சோதனை செய்தார். முதுகை அழுத்தும் முறைகளில் பலமுறை காற்றே உள்ளே போகவில்லை. நாக்கு பின்னால் சரிந்து தொண்டையை அடைத்துவிடுகிறது என்று தெரிந்தது. தலையைப் பின்னால் சாய்த்து, தாடையைத் தூக்கி, ஊதினால் காற்று போயிற்று. 1960இல் கௌவன்ஹோவன், ஜூட், நிக்கர்பாக்கர் என்ற மூவர், மார்பின் நடுவில் கைகளால் அழுத்தியே நின்ற இதயத்திலிருந்து ரத்தத்தை ஓடவைக்க முடியும் என்று எழுதினார்கள். ஊதுவதும் அழுத்துவதும் சேர்ந்ததுதான் இன்று நாம் சி.பி.ஆர். என்று சொல்வது.

அதைப் பழக ஒரு பொம்மை வேண்டுமே? நார்வே நாட்டுப் பொம்மைத் தயாரிப்பாளர் ஆஸ்மண்ட் லேர்டால் 1960இல் செய்து கொடுத்தார். அவருடைய சின்ன மகன் நீரில் மூழ்கி மயிரிழையில் பிழைத்தவன். அந்த அப்பா பொம்மைக்கு வைத்த முகம், பாரிஸ் சேன் ஆற்றில் மூழ்கி இறந்ததாகச் சொல்லப்படும், பெயர் தெரியாத ஒரு பெண்ணின் முகம். காப்பாற்றப்படாத ஒருத்தியின் முகத்தில் உலகம் காப்பாற்றக் கற்றுக்கொண்டது.

சாஃபரின் கதையையும் சொல்லிவிடுகிறேன். 1966இல், அவர் வெளியூர் போயிருந்த நேரத்தில், அவருடைய மகள் ஆஸ்துமாவால் மூச்சு நின்று போனாள். இதயம் திரும்பவும் துடித்தது, மூளை திரும்பவில்லை. சிறுமி இறந்துபோனாள். ஊருக்கெல்லாம் உயிர் மூச்சு சொல்லிக்கொடுத்தவர் வீட்டிலேயே இப்படி. அவர் முடங்கி உட்காரவில்லை. மருத்துவமனைக்கு வந்து சேரும் முன்பே உதவி போக வேண்டும் என்று முனைந்தார். 1967இல் பிட்ஸ்பர்க் நகரில் வேலையில்லாத கறுப்பின இளைஞர்களுக்குப் பயிற்சி கொடுத்து உருவான ஃப்ரீடம் ஹவுஸ் ஆம்புலன்ஸ் சேவையை அமைத்ததில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 2008 செப்டம்பரில் தமிழ்நாட்டில் ஓடத் தொடங்கிய நம் 108 வண்டிகளுக்கு இப்படியெல்லாம் முன்னோடிகள் இருக்கிறார்கள்.

என் நண்பர் கேட்ட கேள்வி

இவ்வளவு தூரம் நான் தேடிப் படித்ததற்கு ஒரு காரணம் உண்டு. எங்கள் செட்டில் ஒரு நண்பர். பெயர் வேண்டாம், படிக்கும் பலருக்குத் தெரிந்தவர்தான். 1979இல், வேலை கிடைத்துப் போன வெளியூரில், ஒரு நீச்சல்குளத்தில் பத்துப் பன்னிரண்டு வயதுப் பையன் ஒருவன் அடியில் கிடப்பதை யாரோ பார்த்துக் கத்தினார்கள். சுற்றி நிறையப் பேர். இறங்கியவர் இவர் ஒருவர்தான். தூக்கி வந்து, குப்புறப் போட்டு, முதுகை அழுத்தி, முழங்கையைத் தூக்கி, இளவயதில் முதலுதவி வகுப்பில் கற்றதை ஒன்று விடாமல் செய்தார். பையன் பிழைக்கவில்லை.

கிணற்றில் இடுப்பில் கயிறு கட்டி நீச்சல் பழகி, மதகு மேலிருந்து தலைகீழாகக் குதித்த மனிதர், அதற்குப் பிறகு தண்ணீரில் இறங்கியதே இல்லை. தன் பிள்ளைகளுக்கும் நீச்சல் கற்றுக்கொடுக்கவில்லை. சில ஆண்டுகளுக்கு முன் ஒரு திருமண வீட்டில், பந்தியெல்லாம் முடிந்து உட்கார்ந்திருந்தபோது என்னிடம் கேட்டார்:

"ஏண்டா, நீ வரலாறு படிச்சவன்தானே. டிவில இப்ப நெஞ்சுல அமுக்கிக் காட்டுறான். வாயில ஊதுறான். அப்ப நான் செஞ்சது தப்பா? என் கைதான் அந்தப் பையனைக் கொன்னுச்சா?"

நாற்பது வருடம் இந்தக் கேள்வியை வயிற்றில் வைத்திருந்திருக்கிறார். நான் அன்றைக்குப் பதில் சொல்லவில்லை. "தேடிப் பாத்துச் சொல்றேன்டா" என்றேன். தேடியதைத்தான் மேலே எழுதினேன். அவரிடம் போய்ச் சொன்னது இது:

ஒன்று, நீ செய்தது நீ கற்றது. உலகத்தின் பெரிய மருத்துவர்களே அரை நூற்றாண்டுக்கு மேல் சரியென்று நம்பிக் கற்றுக்கொடுத்தது. ஆராய்ச்சி மாறிய பிறகும் அது நம் ஊர் வகுப்பறைகளுக்கு வந்து சேரப் பல ஆண்டுகள் ஆகும். அது உன் கையின் குற்றம் அல்ல.

இரண்டு, மூச்சு நின்ற சில நிமிடங்களிலேயே மூளை பழுதாகத் தொடங்கிவிடும். அந்தப் பையன் எவ்வளவு நேரம் அடியில் கிடந்தான் என்று அங்கே யாருக்கும் தெரியாது. புதிய முறையில் செய்திருந்தால் பிழைத்திருப்பான் என்று யாராலும் அடித்துச் சொல்ல முடியாது. பிழைத்திருக்கவே மாட்டான் என்றும் சொல்ல முடியாது. இதற்கு மேல் வரலாற்றுக்குத் தெரியாது.

மூன்று, நீ இறங்கினாய்.

நண்பர் ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு சொன்னார்: "அந்தப் பையனோட அம்மா என் கையைப் புடிச்சுக்கிட்டு, 'நீங்களாவது எறங்குனீங்களே தம்பி'ன்னு சொன்னாங்கடா. திட்டியிருந்தாக்கூட தூங்கியிருப்பேன்." அவ்வளவுதான். தீர்ந்துவிட்டது என்று நான் சொல்ல மாட்டேன். ஆனால் அன்றைக்கு முதல்முறையாக அந்தப் பையன் போட்டிருந்த சட்டையின் நிறம் வரை என்னிடம் பேசினார்.

மனக்காயத்துக்கும் வரலாறு உண்டு

நம் ஊரில் சாவு வீட்டுக்குத் துக்கம் விசாரிக்கப் போவோம். பதினாறாம் நாள் காரியம் உண்டு. எங்கள் பேட்டையில் முப்பதாம் நாள் பூசை உண்டு. நவம்பர் 2 கல்லறைத் திருநாளில் மெழுகுவத்தி ஏற்றுவோம். இறந்தவர் வீட்டாரைத் தனியே விடக்கூடாது என்று நம் முன்னோர்கள் அழகாக வகுத்து வைத்தார்கள். ஆனால் மீட்கப் போனவன் வீட்டுக்கு யார் போகிறார்கள்? அவனுக்கு எத்தனையாம் நாள்?

மேலைநாட்டிலும் இதைத் தாமதமாகத்தான் கண்டுகொண்டார்கள். 1942 நவம்பர் 28இல் பாஸ்டன் நகரில் கோகனட் குரோவ் என்ற கேளிக்கை விடுதி எரிந்து 492 பேர் இறந்தார்கள். தப்பியவர்களையும் உறவினர்களையும் கவனித்த எரிக் லிண்டமன் என்ற மனநல மருத்துவர் 1944இல் துக்கத்தைப் பற்றி எழுதிய கட்டுரை பெரிதும் பேசப்பட்டது. "நான் இன்னும் ஏதாவது செய்திருக்கலாமே" என்ற குற்ற உணர்ச்சி துக்கத்தின் ஓர் அங்கம் என்று அதில் விளக்கினார். 1980இல்தான் பேரதிர்ச்சிக்குப் பின் வரும் மனக்கோளாறுக்கு அமெரிக்க மனநல மருத்துவர் சங்கம் தனிப் பெயர் கொடுத்தது. 1983இல் ஜெஃப்ரி மிச்செல் என்பவர், மீட்புப் பணியாளர்களைச் சம்பவம் முடிந்த கையோடு உட்காரவைத்து நடந்ததைப் பேசவைக்கும் முறையைச் சொன்னார். நல்லெண்ணம்தான். ஆனால் பின்னர் ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, ஒரே அமர்வில் அப்படிப் பேசவைப்பதால் பின்னால் வரும் பாதிப்பு தடுக்கப்படவில்லை என்று தெரிந்தது. முதுகை அழுத்தியது போலத்தான் இதுவும்! உடலுக்கானாலும் மனதுக்கானாலும் மனிதன் தப்புத் தப்பாகக் கற்றுத்தான் சரிக்கு வருகிறான்.

2011இல் உலக சுகாதார நிறுவனம் வெளியிட்ட மன முதலுதவி வழிகாட்டி எளிமையாகச் சொல்கிறது: பார், கேள், தொடர்பு ஏற்படுத்து. வற்புறுத்திப் பேசவைக்காதே. பேசினால் காது கொடு. பசிக்கிறதா, தூங்கினாரா என்று பார். வீட்டாரோடு சேர்த்து வை. தேவையானால் மருத்துவரிடம் அழைத்துப் போ. இதை நம் பாட்டிகள் எழுதாமலே செய்தார்கள் என்று எனக்குத் தோன்றுகிறது.

கொட்டரை, 2020

மறுபடியும் மருதையாற்றுக்கு வருவோம். 2020 ஆகஸ்டு. பெரம்பலூர் மாவட்டம் கொட்டரையில் அதே ஆற்றின் குறுக்கே கட்டப்பட்ட நீர்த்தேக்கம். கிரிக்கெட் விளையாட வந்த இளைஞர்கள் சிலர் தண்ணீர் பக்கம் போனார்கள். நான்கு பேர் ஆழத்தில் சிக்கினார்கள். அங்கே இருந்த ஆதனூரைச் சேர்ந்த செந்தமிழ்செல்வி, சுந்தரபாள், ஆனந்தவல்லி ஆகிய மூன்று பெண்கள், ஒரு கணமும் யோசிக்காமல், கட்டியிருந்த புடவைகளை அவிழ்த்து வீசினார்கள். இரண்டு பேர் பிடித்துக்கொண்டு கரையேறினார்கள். இரண்டு பேர் பிழைக்கவில்லை. அந்த ஆண்டு சுதந்திர தினத்தில் தமிழ்நாடு அரசு மூவருக்கும் கல்பனா சாவ்லா விருது வழங்கிக் கௌரவித்தது.

மீட்புக் கலையின் முதல் விதி என்ன தெரியுமா? குதிக்காதே, எட்டிக் கொடு, எறிந்து கொடு. கயிறு, மூங்கில், வேட்டி, புடவை, எது கிடைக்கிறதோ அது. எந்தப் பயிற்சியும் இல்லாத அந்தத் தாய்மார்கள் புத்தகத்தில் உள்ளதையே செய்திருக்கிறார்கள். மானம் பெரிதா, உயிர் பெரிதா என்று நம் சமூகம் பட்டிமன்றம் நடத்திக்கொண்டிருக்கும்போது அவர்கள் நொடியில் தீர்ப்புச் சொல்லிவிட்டார்கள்.

விருது வாங்கிய பிறகும் அவர்கள் சொன்னது மற்ற இருவரையும் காப்பாற்ற முடியவில்லையே என்ற வருத்தத்தைத்தான். இரண்டு உயிரைக் கொடுத்தவர்களின் மனது இழந்த இரண்டையே எண்ணுகிறது. என் நண்பரின் நாற்பது வருடம் எனக்கு அப்போதுதான் முழுதாகப் புரிந்தது. வென்றவருக்கும் தோற்றவருக்கும் ஒரே காயம். கொட்டரையில் ஊர் கூடிப் பாராட்டியது, பேச ஆள் இருந்தது. என் நண்பருக்கு அது கிடைக்கவில்லை.

நாம் செய்யக் கூடியது

உலக சுகாதார நிறுவனக் கணக்குப்படி 2021இல் மட்டும் உலகில் சுமார் 3 லட்சம் பேர் நீரில் மூழ்கி இறந்தார்கள். அதில் சிறுவர்கள் ஏராளம். 2012 ஆகஸ்டில் சென்னை கே.கே. நகரில் ஒரு பள்ளி நீச்சல்குளத்தில் நான்காம் வகுப்புச் சிறுவன் இறந்தது பலருக்கு நினைவிருக்கும். 2021இல் ஐ.நா. சபை ஜூலை 25ஐ நீரில் மூழ்குதல் தடுப்பு நாளாக அறிவித்திருக்கிறது. மாணவச் செல்வங்கள் மனதில் வைக்க வேண்டியவை சில:

மூழ்குகிறவர் சினிமாவில் வருவது போலக் கையை ஆட்டி "காப்பாத்துங்க" என்று கத்துவதில்லை. மூச்சுக்கே போராடுகிறவருக்குக் குரல் ஏது? வாய் நீர்மட்டத்தில் ஏறி இறங்க, கைகள் பக்கவாட்டில் தண்ணீரை அழுத்த, சத்தமில்லாமல் ஒரு நிமிடத்துக்குள் போய்விடுவார். விளையாடுகிற பிள்ளை திடீரென்று அமைதியானால் உடனே பாருங்கள்.

கரைக்கு வந்தவர் அசைவில்லாமல், சரியான மூச்சில்லாமல் இருந்தால், ஒருவர் 108க்குச் சொல்லட்டும். வயிற்றை அமுக்காதீர்கள், வாந்தி வெளியேறி நுரையீரலுக்குப் போய்விடும். மூழ்கியவருக்கு முதல் தேவை காற்று. தலையைச் சாய்த்துத் தாடையைத் தூக்கிச் சில முறை ஊதிவிட்டு, மார்பின் நடுவில் நிமிடத்துக்கு 100 முதல் 120 என்ற வேகத்தில் 30 அழுத்தம், 2 மூச்சு என்று உதவி வரும்வரை தொடர வேண்டும். கண் விழித்துவிட்டாலும் மருத்துவமனைக்குக் கட்டாயம் கொண்டுபோக வேண்டும். இதைப் படித்தால் மட்டும் போதாது. கையால் பழக வேண்டும்.

மீட்டவரையும் பாருங்கள். ஒரு வாரம், ஒரு மாதம் கழித்தும் போய் "எப்படி இருக்கே?" என்று கேளுங்கள். தூக்கம் கெட்டு, அதே காட்சி திரும்பத் திரும்ப வந்து, ஒரு மாதத்துக்கு மேலும் தொடர்ந்தால் மனநல மருத்துவரைப் பார்ப்பது வெட்கமல்ல. 14416 என்ற டெலிமானஸ் எண்ணில் 2022 முதல் இலவசமாகத் தமிழிலேயே பேச முடிகிறது.

நம் சங்கத்துக்கு என் பணிவான வேண்டுகோள் ஒன்று. ஆண்டுதோறும் சந்திப்பு நாளில் பொன்னாடை, பாட்டுக் கச்சேரி, பிரியாணி எல்லாம் இருக்கட்டும். ஒரு மணி நேரம் ஒதுக்கி, இரண்டு பொம்மைகள் வரவழைத்து, பயிற்சி பெற்ற ஒருவரைக் கொண்டு எல்லோருக்கும் சி.பி.ஆர். பழகிக் கொடுப்போம். மாணவர்களும் வரட்டும், நரைத்த தலைகளும் வரட்டும். இந்த யோசனையை என் நண்பரிடம் சொன்னேன். "முட்டி வலிக்குது, கீழ உக்கார முடியாது" என்றார். கொஞ்சம் கழித்து, "என்னிக்குன்னு சொல்லு, வரேன்" என்றார்.

பொம்மைகளுக்கான முதல் நன்கொடையாக என் பங்கைப் பொருளாளரிடம் கொடுத்திருக்கிறேன். மற்றவர்கள் பங்கையும் எதிர்பார்க்கிறேன்.

வாழ்க நம் கல்லூரி! வளர்க நம் நட்பு!